சகலையின் நாற்காலிக்குக் கைப்பிடி வந்தது

சகலையின் நாற்காலிக்குக் கைப்பிடி வந்தது ஒரு திங்கட்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு. நேரம் இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்றால், அதை மாட்டியவன் நான்.

எங்கள் நிறுவனத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். தொழில், மென்பொருள் எழுதுவது. பதினான்கு வருடமாக நிரல் எழுதுகிற ஒருவன் ஸ்க்ரூ டிரைவரோடு நான்கு மாடி ஏறி, மூன்று வருடம் முன்பு சேர்ந்த ஒருவனின் நாற்காலிக்குக் கைப்பிடி மாட்ட வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். எழுத்து மூலம் கேட்கச் சொன்னார்கள். கேட்டேன். ‘உமது தாயை அணுகவும்’ என்று பதில் வந்தது.

தாய் என்று அவர்கள் குறிப்பிட்டது எங்கள் ஸ்டோர் கீப்பரை. பெரிய மீசை. ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம்.

விளக்கிவிடுகிறேன். நிரல் எழுதுபவர்களுக்கு மரபுரிமை என்று ஒரு வசதி உண்டு. ‘வாகனம்’ என்று ஒன்றை எழுதி, அதற்குச் சக்கரமும் பிரேக்கும் வைத்துவிட்டால், பிறகு ‘லாரி’ எழுதும்போது ‘இது வாகனத்தின் பிள்ளை’ என்று ஒரு வரி போதும். சக்கரமும் பிரேக்கும் தானாக வந்து சேரும். முதலில் எழுதியது தாய் வகுப்பு, அடுத்தது சேய் வகுப்பு. நல்ல வசதிதான். லாரிகள் இதைப் பற்றி இதுவரை புகார் சொன்னதில்லை.

எங்கள் ஆர்க்கிடெக்ட், அதாவது எல்லா மென்பொருளுக்கும் வரைபடம் போடுகிற பெரிய தலை, போன வருடம் ஒரு சுற்றறிக்கை விட்டார். ‘நிரலில் கடைப்பிடிப்பதை வாழ்விலும் கடைப்பிடிப்போம். இனி இந்த நிறுவனத்தில் எவரும் தனித்து முளைத்தவர் அல்லர். ஒவ்வொருவருக்கும் ஒரு தாய் உண்டு. தாயின் உரிமைகள், உபகரணங்கள், கடமைகள் சேய்க்கு வந்து சேரும்.’

யாருக்கு யார் தாய் என்று பெயர் எழுதிக்கொடுத்த அன்று நான் லீவ். சகலை புது வீட்டுக்குக் குடி போனான். பீரோவை மூன்றாவது மாடிக்குத் தூக்க ஆள் வேண்டும் என்று மாமனார் போன் செய்திருந்தார். மூத்த மாப்பிள்ளையாயிற்றே, போனேன். வீட்டுக்காரன் எங்கே என்று பார்த்தால் ஆபீஸ் போயிருந்தான், ‘ஏதோ முக்கியமான கூட்டமாம்.’

அந்தக் கூட்டத்தில் அவன் ஆர்க்கிடெக்டுக்கே நேரடிப் பிள்ளை ஆனான். மறுநாள் முதுகுப் பிடிப்போடு நான் போனபோது தாய் இல்லாத ஆள் நான் ஒருவன், பிள்ளை இல்லாத ஆள் ஸ்டோர் கீப்பர் ஒருவர். சேர்த்து வைத்துவிட்டார்கள்.

அவனுக்குப் பரம்பரையாக வந்தவை: லிஃப்டில் தனிப் பொத்தான், ஜன்னல் ஓர மேசை, நிரல்களைத் திருத்தும் உரிமை. எனக்கு வந்தவை: காக்கிக் கோட்டு, பதினேழு சாவிகள், வாரத்துக்கொரு முறை எலிப்பொறி பரிசோதனை, ஒன்பது வருடம் முன்பு காணாமல் போன நாற்பது பெட்டி ஸ்டேப்ளர் பின்னுக்கு விளக்கம் கேட்கும் மெமோ. தாய்க்கு இரத்தக் கொதிப்பு என்பதால் கேன்டீனில் எனக்கு உப்பில்லாச் சாப்பாடு.

“என்னப்பா மூஞ்சி தொங்குது?” என்றார் ஸ்டோர் கீப்பர் அந்தத் திங்கட்கிழமை. “கைப்பிடி ஒரு ஜோடி. கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போய் மாட்டிட்டு வா. நாலாவது மாடி. உன் சொந்தக்காரருக்குத்தான்.”

மாட்டினேன். நான்கு திருகாணி.

“அய்யோ சகலை, நீங்க ஏன் வந்தீங்க? யாரையாவது அனுப்பியிருக்கலாமே” என்றான் அவன். உண்மையாகவே பதறினான். அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காதது. திமிராக இருந்தால் வெறுப்பதற்குச் சுலபமாக இருக்கும்.

“பரவால்ல சகலை, உக்காந்து பாருங்க” என்றேன். பேச்சில் ‘நீங்க’, மனதுக்குள் ‘அவன்’. சகலை உறவுக்கு இந்த இரண்டும் வேண்டும்.

உட்கார்ந்தான். கைப்பிடிகள் மேசை விளிம்பில் முட்டின. நாற்காலி மேசைக்கு அடியில் போகவில்லை. அரை அடி தள்ளி உட்கார்ந்து, கைகளை நீட்டி, நீச்சல் பழகுகிறவன் போலத் தட்டெழுதினான். எனக்கு அன்று அது உறைக்கவே இல்லை. கைப்பிடி மட்டும்தான் தெரிந்தது.

*

வீட்டுக்குப் போவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது.

“என்னங்க, தங்கச்சி வீட்டுக்காரருக்குக் கைப்பிடி வந்துடுச்சாமே?”

“ம்.”

“நீங்கதான் மாட்டி விட்டீங்களாமே?”

“ம்.”

“அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம். ‘பாரு, பெரிய மாப்பிள்ள எவ்வளவு ஒத்தாசையா இருக்காரு’ன்னு சொன்னாராம்.”

தட்டில் ரசத்தை ஊற்றினாள். உப்பு இருந்தது. உலகத்தில் எனக்கு மிச்சமிருந்த ஒரே உப்பு.

“அஞ்சாவது மாடியில ஒரு ரூம் காலியாகுதாமே? கதவோட?” என்றாள், ஒன்றும் தெரியாதது போல.

அங்கேதான் விஷயம் இருந்தது. கதவு உள்ள அறைகள் எங்கள் கட்டடத்தில் மூன்றுதான். ஒன்று முதலாளிக்கு. ஒன்று ஆர்க்கிடெக்டுக்கு. மூன்றாவதில் இருந்தவர் ஓய்வு பெறுகிறார். வருட மதிப்பெண் யாருக்கு அதிகமோ அவருக்கு அறை. அதோடு தலைமை வடிவமைப்பாளர் பதவி. முதல் முதலில் இந்தக் கட்டடத்துக்குள் நுழைந்த நாளிலிருந்து அந்தக் கதவை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழுப்பு நிறம். பித்தளைக் கைப்பிடி.

“தங்கச்சி திரைச்சீலைக்குத் துணி பார்க்கிறாளாம்” என்றாள் என் மனைவி.

*

மறுநாள் ஆர்க்கிடெக்டைப் பார்த்தேன். எனக்குத் தாயை மாற்றித் தர வேண்டும் என்பது என் மனு.

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் நாற்காலிக்குக் கைப்பிடி மட்டுமில்லை, தலை சாய்க்கவும் ஒன்று உண்டு.

“பெத்தவங்கள மாத்த முடியுமா?”

“சார், ஸ்டோர் கீப்பர் என்னைப் பெறல.”

“அது உங்க பார்வை. வரைபடத்துல பெத்திருக்காரு. பாருங்க, நான் முதலாளியோட அத்தை பையன். சின்ன வயசுல என்னை இங்க கொண்டாந்து உக்கார வெச்சாங்க. நான் கேட்டேனா, எனக்கு வேற அத்தை வேணும்னு? கிடைச்சதை ஏத்துக்கிட்டேன். அதான் பண்பு.”

“சரிங்க சார். ஆனா திறமைன்னு ஒண்ணு…”

“திறமையா?” என்று எழுந்தே விட்டார். “திறமை ரொம்ப ஆபத்தான விஷயம். அது எங்கிருந்து வருதுன்னே தெரியாது. இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. பரம்பரை அப்படியா? வரைபடத்துல அம்புக்குறி போட்டுக் காட்டலாம். முப்பது வருஷமா நான் ஒரு வரி நிரல்கூட எழுதினதில்ல. ஆனா இந்த நிறுவனத்துல நல்ல நிரல் எல்லாம் எங்கிட்டருந்துதான் வருது. எப்படி? அம்புக்குறி!”

நான் நீட்டிய மனுவை மடித்து என்னிடமே திருப்பித் தந்தார்.

“ஒரு சலுகை உண்டு. தாய்கிட்டருந்து வந்ததுல ஏதாவது ஒண்ண மட்டும் நீங்க மாத்தி எழுதிக்கலாம். படிவம் பன்னிரண்டு. எத வேணாம்னு சொல்றீங்க?”

யோசித்தேன். “உப்பு, சார்.”

“உங்க தாய்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க.”

ஸ்டோர் கீப்பர் படிவத்தை இரண்டு முறை படித்தார். முகம் வாடிவிட்டது. “நான் மட்டும் தனியா உப்பில்லாமத் தின்னணுமாப்பா?” என்றார். கையெழுத்து வாங்காமலே படிவத்தை மடித்துக் காக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

*

வருட மதிப்பெண் எங்கள் நிறுவனத்தில் பரம ரகசியம். ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண். மூடிய உறையில் வரும். இன்னொருவரிடம் சொன்னால் வேலை போகும். கணவன் மனைவியாக இருவர் இங்கே வேலை செய்கிறார்கள், எட்டு வருடமாக ஒருவர் எண் ஒருவருக்குத் தெரியாது. அதனாலேயே சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று சொல்வார்கள்.

எண்களை எல்லாம் ஏற்றி முடித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கடிதங்கள் அச்சாகும். அடுத்த வெள்ளி அறை யாருக்கு என்று அறிவிப்பு.

ஒரு சின்ன விவரம்: அந்த எண்கள் இருக்கிற பணியாளர் பதிவேடு என்கிற மென்பொருளை எழுதியது நான். பதினோரு வருடம் முன்பு, ஒன்பதே நாளில். அதற்குள் போகிற பராமரிப்புக் கடவுச்சொல் இன்னும் என்னிடம் இருந்தது. யாரும் திரும்பக் கேட்கவில்லை. நான் எழுதியதே யாருக்கும் ஞாபகம் இல்லை.

வியாழக்கிழமை. மதிய உணவு இடைவேளை. எல்லோரும் கேன்டீனில். நான் ஸ்டோரில், அச்சு இயந்திரத்துக்கான டோனர் பெட்டிகளுக்கு நடுவே, ஒரு பழைய கணினி முன்னால்.

பார்க்க மட்டும்தான் போனேன். சத்தியமாக.

சகலையின் பக்கத்தைத் திறந்தேன். அடியில் ‘ஆக்கியவர்’ என்ற வரியில் அவன் பெயரே இருந்தது. நியாயம்தான், புதிதாகச் சேருகிறவர்கள் தங்கள் பக்கத்தைத் தாங்களே நிரப்ப வேண்டும் என்று பிற்பாடு விதி வந்தது. கடைசியாகச் சேர்ந்தவன் அவன்தான். அவனுக்குப் பிறகு யாரையும் எடுக்கவில்லை.

மேலே, மதிப்பு: 8.

எனக்குப் போன வருடம் எட்டு. அதற்கு முந்தின வருடமும் எட்டு. பதினான்கு வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு, முதுகை ஒடித்துக்கொண்டு நான் எட்டு. மூன்று வருடத்தில் நோகாமல் அவனும் எட்டு. அவனுக்குப் பத்து இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், ‘செல்வாக்கு’ என்று சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். சமமாக இருப்பதை எப்படித் தாங்குவது?

விரல் தானாகப் போயிற்று. எட்டை அழித்தேன். இரண்டு போட்டேன். சேமித்தேன். கணினியை அணைத்தேன். எலிப்பொறிகளைப் பார்க்கப் போனேன். ஒன்றில் எலி மாட்டியிருந்தது. அது என்னைப் பார்த்த பார்வையை நான் பொருட்படுத்தவில்லை.

*

வெள்ளிக்கிழமை, மூன்று பத்து. என் மேசைக்கு உறை வந்தது. பிரித்தேன்.

மதிப்பு: 2.

நிமிர்ந்து பார்த்தேன். அந்த மாடி முழுக்க எல்லோரும் உறையைப் பிரித்துவிட்டு அப்படியே இருந்தார்கள். ஒருவர் கடிதத்தை நான்காக, எட்டாக, பதினாறாக மடித்துச் சட்டைப் பையில் திணித்தார். எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும் மனிதவள மேடம், தண்ணீர் குடிக்கப் போய், குழாயைத் திறந்துவிட்டுக் குடிக்க மறந்து நின்றார். ஆர்க்கிடெக்ட் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, தன் தனிப் பொத்தான் இருக்கிற லிஃப்டைத் தாண்டி, படி வழியே இறங்கினார்.

யாரும் தன் கடிதத்தை அடுத்தவரிடம் காட்டவில்லை. ரகசியமாயிற்றே.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பதினோரு வருடம் முன்பு, ஒன்பதாவது நாள், சாயங்காலம் ஐந்து மணி. முதலாளி பின்னால் நிற்கிறார். மதிப்பெண் திரையில் வர மாட்டேன் என்கிறது. என்னென்னவோ செய்து பார்த்து, கடைசியில் ‘மதிப்பு’ என்ற வரிக்கு முன்னால் ஒரு சொல்லைப் போட்டேன். வந்துவிட்டது. கீழே ‘ஆக்கியவர்’ வரியும் மக்கர் பண்ணியது. அதற்கும் அதையே போட்டேன். முதலாளி கைதட்டினார். நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஸ்டாட்டிக்.

அந்தச் சொல்லைப் போட்டால் அந்த விவரம் ஆளுக்கு ஒன்றாக இருக்காது, கூட்டத்துக்கே ஒன்றாகிவிடும். ஆளுக்கொரு டம்ளர் இல்லை. தண்ணீர்ப் பானையில் சங்கிலி போட்டுக் கட்டிய ஒரே டம்ளர். ஒருவர் எச்சில் செய்தால் எல்லோருக்கும் எச்சில்.

அன்று சாயங்காலம் பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்த்தேன். பதினோரு வருடமாக நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே மதிப்பெண்தான் வந்திருக்கிறது. யார் எண்ணைக் கடைசியாக ஏற்றுகிறார்களோ அந்த எண். பட்டியலில் கடைசிப் பெயர், லிஃப்ட் இயக்குபவர். முதலாளி சொல்லும் முன்பே சரியான மாடியை அழுத்துவார் என்பதால் அவருக்கு எப்போதும் எட்டு. ஆகவே எனக்கும் எட்டு. ஆறு வருடம் முன்பு ஒரே ஒரு முறை, முதலாளி உள்ளே இருக்கும்போது லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. அந்த வருடம் எனக்கு நான்கு. நான் மூன்று மாதம் உட்கார்ந்து என் குறைகளைப் பட்டியல் போட்டேன். முப்பத்தொரு குறை கிடைத்தது. பாதியைத் திருத்தியும் கொண்டேன்.

முதலாளிக்கு யார் மதிப்பெண் போடுவது? அவரே. வருடா வருடம் பத்து போட்டுக்கொள்வார். கடிதத்தில் எட்டு வரும். தனக்கும் மேலே யாரோ இருந்து திருத்துகிறார்கள் என்று பதினோரு வருடமாக அவர் பயந்துகொண்டிருந்திருக்கிறார். ஊழியர்களிடம் அவர் காட்டிய கொஞ்சநஞ்சப் பணிவுக்கும் அதுதான் காரணம்.

*

அதற்கடுத்த மூன்று நாட்கள் நிறுவனம் வரலாறு காணாத வேலை செய்தது. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இரண்டு என்று நினைத்தார்கள். எல்லோரும் எட்டு மணிக்கே வந்தார்கள். முதலாளி தன் டம்ளரைத் தானே கழுவினார். கேன்டீனில் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொருவரும் முன்னால் நிற்பவரின் பிடரியைப் பார்த்தார்கள், ‘இவனுக்கு எவ்வளவோ’ என்று. நானூற்றுப் பன்னிரண்டு பேர், நானூற்றுப் பதினோரு பேர் மீது பொறாமை. பெருக்கிப் பார்த்தேன். ஒரு நிறுவனத்துக்குத் தாங்காது.

மேல்முறையீடு செய்யலாம் என்று விதி உண்டு. ஆனால் மனுவில் மதிப்பெண்ணைக் குறிப்பிடக் கூடாது, ரகசியம். ஆகவே எல்லோரும், ‘எனக்குக் கிடைத்த அது, எனக்குக் கிடைக்க வேண்டிய அது அல்ல’ என்று எழுதிப் பெட்டியில் போட்டார்கள். பெட்டி நிரம்பி, பக்கத்தில் ஒரு கூடை வைத்தார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் சகலை வீட்டுக்கு வந்தான். தனியாக. என் மனைவி டீ கொடுத்துவிட்டு உள்ளே போனாள்; கதவுக்குப் பின்னால் அவள் நிழல் மட்டும் நின்றது.

“சகலை, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். வெளிய சொல்லிடாதீங்க. வேலை போயிடும்” என்றான். கண் கலங்கியிருந்தது. “எனக்கு ரெண்டு.”

நான்கு நாளாகக் காத்திருந்த சொல். காதில் தேன் பாய வேண்டும். என் சட்டைப் பையில் இருந்த என் இரண்டு நெஞ்சில் குத்தியது.

“அடடா” என்றேன்.

“தெரியும் சகலை. நான் அதுக்குத்தான் லாயக்கு. அவரு பிள்ளையாகிட்டதால அவரு போற கூட்டத்துக்கெல்லாம் போறேன். அவரு சிரிச்சா சிரிக்கிறேன். அவருக்கு முதுகு வலின்னா நானும் பிசியோதெரபிக்குப் போகணுமாம். போன மாசத்துலருந்து ஒரு வரி நிரல் எழுதல. அந்தக் கைப்பிடி வேற, கணினிகிட்டயே போக முடியல.” மூக்கை உறிஞ்சினான். “உங்களுக்கென்ன, ஒம்பது வந்திருக்கும். ஸ்டோர்ல நிம்மதியா, யார் தொல்லையும் இல்லாம… சொன்னா தப்பா நினைக்கக் கூடாது. உங்களப் பார்த்தா எனக்கு எப்பவுமே கொஞ்சம் பொறாமை சகலை.”

என்மீது! காக்கிக் கோட்டுமீது! எலிப்பொறிமீது!

இத்தனை நாள் நான் அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டது எனக்கே உரிய தனிச்சொத்து என்று நினைத்திருந்தேன். அதிலும் அவன் பங்குக்கு வந்துவிட்டான்.

“கவலப்படாதீங்க. மறுபடியும் அச்சடிப்பாங்க” என்றேன்.

*

அடித்தார்கள். முதலாளியே கேட்டுக்கொண்டார்: எண்களை ‘மறுபரிசீலனை’ செய்து புதிதாக அச்சிட வேண்டும், புதன்கிழமை மூன்று மணிக்கு.

செவ்வாய் மதியம் மறுபடி டோனர் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். அந்த ஒற்றைச் சொல்லை நீக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் எண்ணை மாற்றத்தான் எனக்கு வழி இருந்தது. நான் எழுதிய நிரலைத் திருத்தும் உரிமை ஆர்க்கிடெக்டின் சேய்க்கு மட்டுமே. அதாவது சகலைக்கு.

ஆக, ஒரு எண். அவனுக்கு எது கூடாது என்று நினைக்கிறேனோ, அது எனக்கும் கூடாது. எனக்கு எது வேண்டுமோ, அது அவனுக்கும் போகும். என் மூக்கை அறுத்து அவனுக்குச் சகுனத்தடை பண்ணலாம். ஆனால் இங்கே இருப்பது நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பழுப்புக் கதவு கண்முன் வந்தது.

ஒன்பது போட்டேன்.

*

புதன்கிழமை மூன்றே காலுக்கு எங்கள் கட்டடத்தில் எல்லோரும் ஒரு அங்குலம் உயர்ந்தார்கள். ஆர்க்கிடெக்ட் லிஃப்டுக்குத் திரும்பினார். முதலாளி டம்ளர் கழுவுவதை நிறுத்தினார். எல்லோரும் எல்லோரையும் பார்த்துப் பரிதாபமாகப் புன்னகைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு பேரும் இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஸ்டோர் கீப்பர் மீசைக்கு மை தீட்டியிருந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

முதலாளி மைக்கைப் பிடித்தார். “நம் நிறுவனம் திறமைக்கு மட்டுமே தலைவணங்கும். அந்தத் திறமை யாருக்கு இருக்கிறது என்பதை நாங்கள் மிகுந்த இரகசியத்தோடு கண்டுபிடித்திருக்கிறோம். எவ்வளவு இரகசியம் என்றால், எங்களுக்கே தெரியாது. ஒன்பது மதிப்பெண் பெற்ற அந்த ஒரே ஒருவர், தயவுசெய்து எழுந்து மேடைக்கு வரட்டும்.” சொல்லிவிட்டு, தானே ஒரு அடி முன்னால் வைத்துத் தலை குனிந்தார்.

நாற்காலிகள் நகர்ந்த சத்தம் மழை போலக் கேட்டது. மண்டபம் முழுக்க எழுந்து நின்றது. மேடையில் ஆர்க்கிடெக்டும் எழுந்து நின்றார். வாசலில் லிஃப்ட் இயக்குபவரும் வணக்கம் வைத்துக்கொண்டு நின்றார். யாரும் உட்காரவில்லை. முதலில் உட்காருகிறவன் ஒன்பது இல்லாதவன் ஆகிவிடுவானே.

பிறகு ஆர்க்கிடெக்ட் மைக்கை வாங்கினார்.

“வெற்றி!” என்றார். “மரபுரிமையின் மகத்தான வெற்றி! ஒரே வருடத்தில் என்னுடைய தகுதி உங்கள் எல்லோருக்கும் இறங்கியிருக்கிறது! எனக்கு ஒன்பது. பாருங்கள், உங்களுக்கும் ஒன்பது! இதுதான் அம்புக்குறி!” கைதட்டல். “இப்போது அறை யாருக்கு? இந்த அற்புதத்தைச் சாத்தியமாக்கிய மென்பொருளை எழுதியவருக்கு!”

கதவு. பித்தளைக் கைப்பிடி. ஒரு கால் முன்னால் எடுத்து வைத்தேன்.

அவர் பதிவேட்டைத் திரையில் திறந்தார். முதலாளியின் பக்கம். அடியில், ஆக்கியவர்: சகலையின் பெயர். ஆர்க்கிடெக்டின் பக்கம். ஆக்கியவர்: சகலையின் பெயர். என் பக்கம். ஆக்கியவர்: சகலை.

“நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும் ஒரே பெயர்!” என்றார் ஆர்க்கிடெக்ட், குரல் தழுதழுக்க. “என் பிள்ளை!”

“சார், நான் எழுதல” என்றான் சகலை. முகம் வெளிறியிருந்தது. “எனக்கு ஒண்ணுமே தெரியாது.”

“தன்னடக்கம்! அதுவும் எங்கிட்டருந்து வந்ததுதான்.”

“நான்தான் எழுதினேன்!” என்றேன்.

நானூற்றுப் பதினோரு தலைகள் திரும்பின.

“ஆதாரம்?” என்றார் ஆர்க்கிடெக்ட்.

ஆதாரம் இருந்தது. ஒரே ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டால் போதும்: அந்தப் பெயர் எல்லாப் பக்கத்திலும் இருப்பது அவன் எழுதியதால் அல்ல, அது சங்கிலி போட்ட டம்ளர் என்பதால். ஆனால் அப்படிச் சொன்னால் அடுத்த வரியையும் சொல்ல வேண்டும். ஒன்பதும் அதே டம்ளர்தான் என்று. பதினோரு வருடமாக நீங்கள் பெருமைப்பட்டதும் வெட்கப்பட்டதும் லிஃப்ட் இயக்குபவரின் மதிப்பெண்ணுக்கு என்று. இப்போது இருக்கிற ஒன்பது, டோனர் பெட்டிகளுக்கு நடுவே, ஒரு பொறாமைக்காரன் தட்டியது என்று.

வாயைத் திறந்தேன். யாரோ என் கோட்டைப் பிடித்து இழுத்தார்கள்.

“உக்காருப்பா” என்றார் ஸ்டோர் கீப்பர், மெதுவாக. “எதுக்கு நோண்டற? எனக்கு முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல ஒம்பது வந்தது இதான் மொதத் தடவை. காலைல வீட்டுல சொல்லிட்டு வந்துட்டேன்.” மீசை மை வியர்வையில் கரைந்து உதட்டோரம் வழிந்திருந்தது.

உட்கார்ந்தேன். மண்டபத்தில் முதலில் உட்கார்ந்தவன் நான்.

*

திங்கட்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு ஸ்டோருக்கு ஒரு நாற்காலி வந்தது. ஐந்தாவது மாடிக் கதவுள்ள அறையில் தோல் வைத்த புது நாற்காலி இருப்பதால் சகலை பழையதைத் திருப்பி அனுப்பியிருந்தான். கூடவே ஒரு சீட்டு: ‘சகலை, இதை உங்களைத் தவிர வேறு யாருக்கும் கொடுக்க மனசில்லை.’

கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கைப்பிடி, ஜோடி ஒன்று. திருகாணி, நான்கு.

என் மேசைக்கு எதிரே போட்டேன். உட்கார்ந்தேன். கைகளைக் கைப்பிடிமேல் வைத்தேன். பதினான்கு வருடம்.

கைப்பிடி மேசை விளிம்பில் முட்டியது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன். போகவில்லை. கைகளை நீட்டினேன். விசைப்பலகை அரை அடி தூரத்தில் இருந்தது.

போன் அடித்தது. என் மனைவி.

“என்னங்க, கைப்பிடி வந்துடுச்சாமே! தங்கச்சி சொன்னா.” குரலில் அவ்வளவு சந்தோஷம். பிறகு சற்றுத் தாழ்த்தி, “ஆமா, அந்த ரூம்ல ஜன்னல் எத்தனைங்க?”

“ரெண்டு” என்றேன்.

ஸ்க்ரூ டிரைவர் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான்கு திருகாணியைக் கழற்ற நான்கு நிமிடம் போதும். ஸ்டோர் கீப்பர் உப்பில்லாச் சாப்பாட்டுத் தட்டோடு வந்து, என்னையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கழட்டிடட்டுமா?” என்றார்.

“வேண்டாம்” என்றேன். கைகளை நீட்டி, நீச்சல் பழகுகிறவன் போலத் தட்டெழுத ஆரம்பித்தேன்.